மூட்டுவாத மாத்திரையும் கண்ணும்: அம்மா இனிக் குடிக்க மாட்டேன் என்கிறார்

லிந்துலை_மகள்

வணக்கம். அம்மாவின் விஷயமாக எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 54 வயது. சின்ன வயதிலிருந்தே மலையில் கொழுந்து எடுத்தவர். கை வீங்காத நாட்களில் இப்போதும் போகிறார். பத்துப் பதினொரு வருடமாக மூட்டுவாதம். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம், காலையில் ஒன்று இரவில் ஒன்று. கிழமைக்கு ஒரு தடவை மெத்தொட்ரெக்சேட். வலி கூடினால் கொஞ்ச நாளைக்கு பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

போன கிழமை பக்கத்து லயத்து அக்கா ஒருவர், "அது மலேரியா மாத்திரை, கண்ணை அவிச்சிடும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா அந்த மாத்திரையை மட்டும் தொடுவதில்லை. மற்றதைக் குடிக்கிறார். எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இத்தனை வருடத்தில் கண்ணாடி எடுக்கும்போது எழுத்துப் பலகையை வாசிக்க வைத்ததைத் தவிர வேறு கண் சோதனை நடந்ததாகத் தெரியவில்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் எழுதியில்லை. அந்த மாத்திரை உண்மையிலேயே கண்ணைக் கெடுக்குமா? நிறுத்தலாமா?

டிக்கோயா_தம்பி

அக்கா, உண்மைதான். எங்கள் பெரியம்மா இதே மாத்திரையை ரொம்ப வருடம் குடித்தவர். முதலில் வாசிக்கும்போது நடுவில் சில எழுத்து காணாமல் போகிறது என்றார். வயசாகுது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நாங்களும் விட்டோம். கடைசியில் பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனபோது விழித்திரை கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் கொஞ்சம் குறைந்தது. இப்போது முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். அம்மா நிறுத்தியது நல்லது. திரும்பக் குடிக்க வைக்காதீர்கள்.

பனிமூட்டம்

தம்பி, பெரியம்மாவுக்கு நடந்ததைக் கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். பண்டாரவளைப் பக்கம் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இந்த மாத்திரை இல்லாவிட்டால் வகுப்பில் நின்று பாடம் எடுத்திருக்க மாட்டேன். லூபஸ் உள்ளவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்புவதை இது குறைக்கிறது, இரத்தம் கட்டுவதைக் குறைக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது. இவ்வளவு காலம் குடிக்கக்கூடியதாக, நோய் எதிர்ப்பை ஒரேயடியாக அடக்காததாக உள்ள மருந்து எங்களுக்கு வேறு அதிகம் இல்லை. எங்கள் கிளினிக்கில் என்னோடு வரிசையில் இருந்த ஒரு பிள்ளை இதே கண் பயத்தில் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டாள். சில மாதத்தில் சிறுநீரகத்தில் நோய் இறங்கி வார்ட்டில் படுத்தாள். மூட்டுவாதம் லூபஸ் மாதிரி இல்லைதான். என்றாலும், அடங்கியிருந்த மூட்டு திரும்ப வீங்கித் தேய்ந்தால் அம்மாவின் விரல்கள் கோணிப்போகும். அதுவும் திரும்பி வராது.

அம்மாவோடு சண்டை போட வேண்டாம். பயத்தைப் பயம் என்று ஒத்துக்கொண்டு, சோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

கண்சோதனை_கண்டி

கண் கிளினிக்கில் சோதனை எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வைத்தியர் இல்லை. ஆனால் இந்த மாத்திரைக்காக அனுப்பப்படுகிறவர்களுக்கு ஸ்கேன் எடுப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி சொன்னதும் நடக்கிறது, டீச்சர் சொன்னதும் நடக்கிறது. யாருக்கு எது நடக்கும் என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: ஆளின் எடைக்கு எவ்வளவு மாத்திரை, எத்தனை வருடம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது.

மலேரியா மாத்திரை என்று அந்த அக்கா சொன்னதில் பிழை இல்லை. மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயினின் தங்கை மாதிரியான மருந்து இது. குளோரோகுயின் நீண்ட காலம் குடித்தவர்களின் விழித்திரை கெடுவதை 1959ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அதைவிடக் கண்ணுக்குப் பாதுகாப்பானது, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. கண்ணின் பின்புறத்தில் கருநிறமி உள்ள ஒரு படலம் இருக்கிறது. மருந்து அந்த நிறமியில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான் நிறுத்திய பிறகும் பெரியம்மாவுக்குப் பார்வை குறைந்தது.

2014இல் அமெரிக்காவில் 2361 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. இன்று உலகம் முழுவதும் பின்பற்றும் கணக்கு பெரும்பாலும் அதிலிருந்து வந்தது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிகிராம் வரை குடித்தவர்களில், முதல் 10 வருடத்தில் பாதிப்பு 2 வீதத்துக்கும் குறைவு. 20 வருடம் தாண்டினால் கிட்டத்தட்ட 20 வீதம். 5 மில்லிகிராமுக்கு மேலே போனவர்களுக்கு 10 வருடத்துக்குள்ளேயே 10 வீதம் அளவுக்கு ஏறிவிடுகிறது. சிறுநீரக நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு, ஏனென்றால் மருந்தை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. மார்புப் புற்றுநோய்க்குத் தரும் டமொக்சிபென் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு.

ஆகவே 2016இல் அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் எல்லையை மாற்றியது: ஆளின் உண்மையான எடைக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னால் உயரத்தை வைத்து 'இருக்க வேண்டிய எடை' என்று ஒன்றைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 6.5 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் அதிகம் அடிபட்டவர்கள் மெலிந்தவர்கள். நம் மலைப்பக்கத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

லிந்துலை மகள், அம்மாவின் எடை என்ன?

லிந்துலை_மகள்

எல்லோருக்கும் நன்றி. எடை கொப்பியில் இல்லை. இங்கே போசாக்கு கிளினிக் நடக்கும் இடத்தில் குடும்பநல மாதுவிடம் கேட்டு நிறுத்துப் பார்த்தேன். 41 கிலோ.

அப்படியென்றால் 41 பெருக்கல் 5, 205. அம்மா குடித்தது நாளைக்கு 400. கணக்கு சரிதானா?

கண்சோதனை_கண்டி

சரிதான். கிலோவுக்கு 9.8 மில்லிகிராம் வருகிறது, எல்லையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பதறாதீர்கள், இதனால் கண் கெட்டுவிட்டது என்று ஆகாது. ஆனால் அம்மாவுக்குச் சோதனை உடனே வேண்டும். இரண்டு மாத்திரை என்பது 80 கிலோ ஆளுக்குப் பொருந்தும் அளவு.

'கண் நன்றாகத் தெரிகிறது' என்று அம்மா சொன்னதற்குப் பதில் கேட்டீர்கள். இந்தப் பாதிப்பு விழித்திரையின் நட்ட நடுவில் தொடங்குவதில்லை, நடுவைச் சுற்றி வளையமாகத் தொடங்கும். நடு நன்றாக இருக்கும்வரை எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் வாசிப்பார்கள். ஆசிய வம்சத்தவர்களில் பலருக்கு அந்த வளையம் நடுவிலிருந்து இன்னும் தள்ளி விழுகிறது, அதனால் இன்னும் தாமதமாகத்தான் தெரிய வரும். வாசிக்கும்போது எழுத்து மறைவது, நிறம் மங்குவது, வெளிச்சம் கூசுவது, இருட்டறைக்குள் போனால் கண் பழக நேரமாவது, இதெல்லாம் வருவதற்கு முன்பே ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பார்வையைக் காப்பாற்ற இடம் உண்டு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று ஓ.சி.டி. ஸ்கேன். கருவியில் நாடியை, அதாவது முகவாயை, வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். மற்றது பார்வைப்புலச் சோதனை, அதாவது லைட் தெரிந்தால் பட்டனை அமுக்குகிற சோதனை. நடுப்பகுதியை மட்டும் பார்க்கும் 10-2 முறையோடு நின்றுவிடாமல், 24-2 என்ற அகலமான முறையையும் நம்மவர்களுக்கு எடுப்பது நல்லது, வளையம் தள்ளி விழுவதால். வசதி உள்ள இடத்தில் விழித்திரை தானாக ஒளிர்வதை எடுக்கும் படமும் சேர்ப்பார்கள். கட்டம் போட்ட தாளைப் பார்த்துக் கோடு வளைகிறதா என்று கேட்பது இதற்குப் போதாது.

எப்போது செய்ய வேண்டும்? மருந்து தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு தடவை, அப்புறம் 5 வருடம் ஆனதும் வருடம் தவறாமல். அளவு கூடியவர்களும், சிறுநீரகக் கோளாறோ ஏற்கனவே விழித்திரை நோயோ உள்ளவர்களும், டமொக்சிபென் குடிப்பவர்களும் 5 வருடம் வரை காத்திருக்கக் கூடாது.

மருந்தாளர்_பதுளை

ஃபாமசியில் நிற்கும் ஆள் என்ற முறையில் சில விஷயம்.

200 மில்லிகிராம் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொல்லி வருகிறார்கள். உடைக்க வேண்டாம். கிழமைக் கணக்காக வைத்தியர் மாற்றி எழுதுவார். 60 கிலோ ஆளுக்கு எல்லை 300 என்றால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. 40 கிலோ ஆளுக்கு நாளைக்கு ஒன்று. இந்த மருந்து உடம்பில் பல கிழமை தங்குவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறுவதில் பிழை வராது. ஆனால் மாற்றுவதை வைத்தியர்தான் செய்ய வேண்டும்.

பெயரைப் பார்த்து வாங்குங்கள். 'ஹைட்ரொக்சி' என்று முன்னால் இல்லாமல் வெறும் குளோரோகுயின் என்றிருந்தால் அது வேறு மருந்து, கண்ணுக்கு இதைவிடக் கடுமை, அதன் எல்லை கிலோவுக்கு 2.3 மில்லிகிராம்தான். 2020இல் கொரோனாவுக்கு நல்லது என்ற பேச்சில் உலகமெங்கும் இந்தக் குளிசைக்குத் தட்டுப்பாடு வந்தது. 2022 நெருக்கடியிலும் மருந்துகள் கிடைக்காமல் அலைந்தோம். அப்படியான நேரத்தில் இருப்பதை வாங்கிப் போவது மனித இயல்பு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் ஹைட்ரொக்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மாவின் கொப்பியில் பிரட்னிசொலோனும் இருக்கிறதே! ஸ்டீரொய்ட் நீண்ட காலம் போனால் கண் வில்லையின் பின்புறத்தில் புரை வரும். வெயிலில் கூசும், எதிரே வரும் பஸ்ஸின் லைட்டில் ஒன்றும் தெரியாது, கிட்டப் பார்வை குறையும். அதற்காவது ஒப்பரேஷன் இருக்கிறது. கண் அழுத்தம் ஏறுவது அதைவிட மோசம். வலி இல்லாமல் ஏறி நரம்பைக் கெடுத்துவிடும், கெட்ட நரம்பை மீட்க முடியாது. அழுத்தம் அளக்க சில நிமிடம் போதும், கண் கிளினிக் எதிலும் செய்வார்கள். வலி வந்தால் டவுனில் சீட்டு இல்லாமல் பிரட்னிசொலோன் வாங்கிக் குடிக்கிறவர்களை நான் பார்க்கிறேன். நெஞ்சு பதறுகிறது. அதே சமயம் மாதக்கணக்காகக் குடித்தவர் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீரொய்ட் சுரப்பதை விட்டிருக்கும், மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஊவா_காற்று

சோதனைக்குப் போகும் நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிப்பார்கள், சில மணி நேரம் எதுவும் தெளிவாகத் தெரியாது. வெயில் தாங்காது. பஸ் ஏறி வந்து, லயத்துக்குப் போகும் படிக்கட்டில் தனியாக இறங்கினால் விழுவது நிச்சயம். கூட ஒருவர் போங்கள், தொப்பியோ குடையோ கொண்டு போங்கள்.

ஆனால் கூடப் போகிறவருக்கும் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போவதென்றால் விடியமுன் கிளம்ப வேண்டும், திரும்பி வர இருட்டிவிடும். இரண்டு பேரின் நாட்கூலி, பஸ் காசு, சாப்பாடு. வைத்தியம் இலவசம் என்பது பெரிய கொடை, அதை மறுக்கவில்லை. என்றாலும் தோட்டத்து வீட்டில் ஏன் கண் சோதனை தள்ளிக்கொண்டே போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கும் தெரிய வேண்டும். ஓ.சி.டி. கருவி எல்லா ஊர் வைத்தியசாலையிலும் இருப்பதில்லை. கிளினிக் நாளையும் கண் சோதனை நாளையும் ஒன்றாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கேட்டால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கோயா_தம்பி

கண்டி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுப் பெரியம்மாவின் பழைய கொப்பிகளைத் தேடி எடுத்தேன். நாளைக்கு இரண்டு மாத்திரை, கடைசி வரைக்கும் மாறவில்லை. பெரியம்மா நாற்பது கிலோவைத் தாண்டியதே இல்லை. கடைசி நான்கைந்து வருடம் சிறுநீரகமும் சரியில்லை, இரத்தச் சோதனைத் துண்டு கொப்பியிலேயே ஒட்டியிருக்கிறது. மூன்றும் ஒரே கொப்பியில் இருந்திருக்கின்றன.

எங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கொழுந்தை நிறுக்காமல் ஒரு நாளும் விடமாட்டார்கள், அந்த மனுஷியை ஒரு தடவை நிறுத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் லிந்துலை அக்காவுக்கு நான் சொன்னதில் ஒன்றை மாற்றுகிறேன்: தானாக நிறுத்த வேண்டாம், கொப்பியோடு போய் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

பனிமூட்டம்

தம்பி, அந்த ஆத்திரம் நியாயம். கிளினிக்கில் ஒரு காலையில் எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்ச நிமிடம், அதிலும் பாதி பாஷை புரியாமல் போய்விடுகிறது. வைத்தியர்களைக் குற்றம் சொல்லி அதை நிரப்ப முடியாது. நாம் தயாராகப் போக வேண்டும்.

நான் செய்வது இதுதான். ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில், தெரியாவிட்டால் பாடசாலைப் பிள்ளையைக் கொண்டு எழுதி, கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்: மருந்தின் பெயர், தொடங்கிய வருடம், நாளைக்கு எவ்வளவு, இன்றைய எடை, கடைசியாகச் சிறுநீரகத்துக்கு இரத்தம் பார்த்த நாள், கடைசியாகக் கண் பார்த்த நாள். கடைசிக் கோட்டில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருந்தால் வைத்தியரின் கண் அங்கேதான் போகும். எங்கள் வார்ட்டில் ஒரு மிஸ்ஸி (தாதி) சொல்லிக் கொடுத்த வழி. சிங்களம், தமிழ் என்று நின்று தடுமாறத் தேவையில்லை.

லிந்துலை மகள், அம்மா படிக்கட்டில் தடுமாறுகிறாரா, நிறம் பிரிப்பதில் சிரமமா என்றும் கவனியுங்கள். ஆனால் அதை வைத்து நல்லது கெட்டது முடிவெடுக்காதீர்கள்.

லிந்துலை_மகள்

போய் வந்தோம். தாளை ஒட்டிக் கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. வைத்தியர் எடையைப் பார்த்ததுமே மாத்திரையை நாளைக்கு ஒன்றாகக் குறைத்தார், முழுக்க நிறுத்த வேண்டாம் என்றார். சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுத்தார்கள். கண் கிளினிக்குக்குக் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் அவரே சிங்களம் கலந்த தமிழில், "ஒன்று குடியுங்கள், கண்ணை நாங்கள் பார்ப்போம்" என்று சொன்னார். அதற்குப் பிறகு அம்மா குடிக்கிறார்.

ஆனால் ஸ்கேனுக்குக் கொடுத்த திகதி மாதக்கணக்கில் தள்ளி இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

கண்சோதனை_கண்டி

சாதாரண ஆளுக்குக் காத்திருக்கலாம் என்பேன், இந்தப் பாதிப்பு நாட்கணக்கில் நடப்பதில்லை. அளவைக் குறைத்ததே இப்போதைக்குப் பெரிய காரியம். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் இரட்டை அளவு போயிருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், 'வழக்கமான சோதனை' என்று மட்டும் இருந்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். கண் கிளினிக்கில் கடிதத்தைக் கொடுக்கும்போது அளவையும் வருடத்தையும் வாயாலும் சொல்லுங்கள். பார்வைப்புலச் சோதனைக்குச் சில இடங்களில் முன்னதாகவே நாள் கிடைக்கும், அதையும் கண் அழுத்தத்தையும் முதலில் முடித்துவிடலாம். கையில் காசு இருந்தால் தனியார் இடத்தில் ஓ.சி.டி. மட்டும் எடுத்து, படத்தை அரசாங்கக் கண் வைத்தியரிடமே காட்டலாம். படத்தைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் வேண்டும்.

இடையில் கண் சிவந்து கடுமையாக வலித்தால் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள். மூட்டுவாதம் தானே கண்ணின் வெள்ளைப் பகுதியைத் தாக்குவது உண்டு, அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை. மணல் விழுந்த மாதிரி உறுத்தல் மட்டும் என்றால் கண் வறட்சியாக இருக்கலாம். அதுவும் இந்த நோயோடு வருவதுதான், சொட்டு மருந்து தருவார்கள்.

நாவலப்பிட்டி_வாசகி

நடுவில் ஒரு கேள்வி. எனக்கு லூபஸ், இரண்டு வருடமாக இந்த மாத்திரை. இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிடும் என்று மாமி நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்வது?

பனிமூட்டம்

தங்கச்சி, நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்திலும் தொடரச் சொல்லும் மருந்துகளில் இது ஒன்று. அந்த நேரத்தில் லூபஸ் கிளம்பினால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. என் மூத்தவன் பிறக்கும்வரை நான் குடித்தேன், பால் கொடுக்கும்போதும் குடித்தேன். கர்ப்பிணிக் கொப்பியில் மாத்திரையின் பெயரை எழுதச் சொல்லுங்கள், லூபஸ் கிளினிக்கிலும் மூன்று மாதம் என்று இந்தக் கிழமையே சொல்லுங்கள். கூடக் குடிக்கும் மற்ற மாத்திரைகளில் கர்ப்பத்துக்கு ஆகாதவை இருக்கலாம், அவற்றைத்தான் உடனே பார்க்க வேண்டும். என்னென்ன குடிக்கிறீர்கள் என்று இங்கேயும் எழுதுங்கள்.

நாவலப்பிட்டி_வாசகி

இதுவும், போலிக் அசிட்டும், பிரட்னிசொலோன் 5 மில்லிகிராமும் மட்டும்தான் அக்கா. வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறது. மாமியையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வைத்தியர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.